பயப்படாமல் போராடுங்கள்: புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பர்மாத் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் வாங்கிய பலருக்கும் மழைக்காலம் பிடிப்பதற்குள் ஒரு தடுமாற்றம் வந்துவிடுகிறது. முதல் சில வாரம் ஜெபம் இனித்தது. இப்போது ஜெபமாலையைக் கையில் எடுத்தாலே தூக்கம் வருகிறது. வீட்டில் காரணமில்லாத சண்டை, இரவில் கெட்ட கனவு. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியம்மா வந்து, "குலதெய்வத்த விட்டுட்டுப் போனா அது சும்மா விடுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா நல்ல மனதோடு ஒரு பேதின் சயாவின் (பர்மிய ஜோசியரின்) போன் நம்பரைத் தருவார். வேறு சபைக்குப் போகும் நண்பர், "உன்மேல ஆவி இருக்கு, ஞாயித்துக்கிழமை வா, ஓட்டிடலாம்" என்பார்.

மூன்று பேரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் மூன்று பேரும் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவது பயத்தை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டு எப்படிப் போராடுவது என்பதைத்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு நடப்பது வழக்கமானது. ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுவதாக எல்லார் முன்னிலையிலும் சொன்னீர்கள். சொன்ன பிறகு எதிர்ப்பு வரத்தான் செய்யும். யோர்தானில் திருமுழுக்குப் பெற்ற இயேசுவே நேராகப் போனது பாலைவனத்துக்கு. அங்கே 40 நாள் நோன்பு, சோதனை. உங்களுக்குச் சோதனை வருகிறது என்பதால் ஞானஸ்நானம் பலிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

எதிரி யார், யார் இல்லை

சாத்தான் இருக்கிறான் என்பது திருச்சபையின் போதனை. அது பழைய காலத்து நம்பிக்கை, இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். 1972 நவம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களுக்கான பொதுச் சந்திப்பு உரையில் இதையே எடுத்துப் பேசினார். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், சாத்தானைக் கட்டுக்கதை என்றோ வெறும் அடையாளம் என்றோ நினைத்தால் நாம் காவலைத் தளர்த்திவிடுவோம் என்று எழுதினார்.

ஆனால் அவன் கடவுளுக்குச் சமமான இன்னொரு சக்தி இல்லை. கடவுள் ஒரு பக்கம், சாத்தான் ஒரு பக்கம், நடுவில் நாம், யார் ஜெயிப்பார்களோ தெரியாது என்ற படம் மனதில் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். அவன் படைக்கப்பட்டவன். நல்ல தூதனாகப் படைக்கப்பட்டு, தன் விருப்பத்தால் விழுந்தவன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 395ஆம் எண்ணில் அவனுடைய வல்லமைக்கு எல்லை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. அவன் உங்கள் விருப்பத்தைப் பிடுங்க முடியாது. தூண்டலாம், மிரட்டலாம், பொய் சொல்லலாம். சம்மதம் உங்களுடையது.

நம் தமிழர் கும்பிடும் வனத்து அந்தோனியாரை நினைத்துக்கொள்ளுங்கள். சனவரி 17 அவர் திருநாள். எகிப்துப் பாலைவனத்தில் பசாசுகளோடு அவர் பட்ட பாட்டை ஆயர் அத்தனாசியார் எழுதி வைத்திருக்கிறார். பல வருடம் அடிபட்ட அந்தோனியார் தம் சீடர்களுக்குச் சொன்ன பாடம் என்ன தெரியுமா? பசாசின் மிரட்டல் பெரும்பாலும் சத்தம்தான், நம் பயத்தைப் பார்த்தால்தான் அது வளரும் என்பதே. அவிலா தெரேசாவும் அப்படித்தான்: சாத்தானை விட, சாத்தானுக்கு ரொம்பப் பயப்படுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம் என்றார்.

எதிரி யார் இல்லை என்பதும் முக்கியம். நமக்குப் போராட்டம் மனிதர்களோடு இல்லை என்று எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். உங்கள் மாமியார் எதிரி இல்லை. கோயிலுக்கு வராத அண்ணன் எதிரி இல்லை. முனீஸ்வரன் கோயில் பூசாரி எதிரி இல்லை. ஒருவரைச் சுட்டி "அவங்ககிட்ட பிசாசு இருக்கு" என்று பேசத் தொடங்கிய நிமிடமே நீங்கள் தவறான பக்கம் நின்று சண்டை போடுகிறீர்கள்.

முதல் வேலை: பழைய கணக்கை முடிப்பது

கையில், இடுப்பில், பர்ஸில், கடைக் கல்லாப்பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மந்திரித்த கயிறு, தாயத்து, தகடு, சயா எழுதிக்கொடுத்த எண் கட்டம், யதயா (தோஷம் கழிக்கும் பரிகாரம்) செய்யச் சொல்லிக் கொடுத்த பொருள் என்று எதுவாக இருந்தாலும் கழற்றி எடுத்துப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் ஜெபித்து அப்புறப்படுத்துவார். அதை எரித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்க வேண்டியதில்லை. அது நூலும் செம்பும்தான். அதன்மேல் நீங்கள் வைத்திருந்த நம்பிக்கைதான் பிரச்சினை.

குறி கேட்பது, கைரேகை, மை போட்டுப் பார்ப்பது, நாட் ஆவி இறங்கிக் குறி சொல்லும் நாட் கடோவிடம் கேட்பது, செய்வினை எடுப்பது, எதிரிக்குத் திருப்பி வைப்பது எல்லாம் இன்றோடு முடிந்தது. மறைக்கல்வியின் 2116, 2117 எண்கள் இதைத்தான் சொல்கின்றன. நாளை என்ன நடக்கும் என்பதைக் கடவுளிடமிருந்து பிடுங்கி நம் கைக்குள் வைத்துக்கொள்ளும் ஆசை அதில் இருக்கிறது. நம் ஊரில் இதோடு 2டி, 3டி லாட்டரிச் சூதாட்டத்துக்கு எண் பார்ப்பதும் சேர்ந்துகொள்கிறது. கனவில் மாதா வந்தார், அதற்கு என்ன எண் என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதாவின் பெயரில் செய்தாலும் அது குறி கேட்பதுதான், அதன் மேல் சூதாட்டம் வேறு.

ஒரு எச்சரிக்கை. உங்களுடையதை மட்டும் எடுங்கள். அம்மாவின் பூசை அறையிலிருக்கும் படத்தையோ, வீட்டுக்காரர் தூணில் கட்டியிருக்கும் சிவப்புத் துணி சுற்றிய தேங்காயையோ தொடாதீர்கள். அது உங்கள் பொருள் இல்லை, அந்த நம்பிக்கையும் உங்களுடையது இல்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. தீமிதி நாளில் வீட்டுக்கு வரும் சொந்தக்காரருக்குச் சோறு போடுங்கள், துக்க வீட்டுக்குப் போய் நில்லுங்கள். படைத்த உணவு, சடங்கில் பங்கெடுப்பது போன்றவற்றில் குழப்பம் வந்தால் தனியாக முடிவு செய்யாமல் சாமியாரிடம் கேளுங்கள். ஒரே பதில் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

கழற்றிய தாயத்து இருந்த இடத்தில் மாதா பதக்கத்தை அதே நினைப்போடு கட்டிக்கொள்வதும் வேண்டாம். பதக்கம், தீர்த்தம், சாமியார் ஜெபித்து ஆசீர்வதித்த உப்பு எல்லாம் நல்லவை. தெரேசா தீர்த்தத்தைப் பெரிதாக மதித்தவர். ஆனால் அவை ஜெபத்துக்குத் துணை. ஜெபம் இல்லாமல் தானாக வேலை செய்யும் என்று நினைத்தால் பழைய கயிறுதான் புது உருவில் வந்திருக்கிறது.

பாவசங்கீர்த்தனம்

போராட்டத்தின் மையம் இதுதான், ஆனால் புதியவர்கள் அதிகம் தள்ளிப்போடுவதும் இதைத்தான். ரோம் மறைமாவட்டத்தில் பல ஆண்டுகள் பேயோட்டும் பணி செய்து 2016இல் இறந்த காபிரியேல் அமோர்த் அடிகளார், பேயோட்டும் ஜெபத்தை விடப் பாவசங்கீர்த்தனம் வலிமையானது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். பேயோட்டும் ஜெபம் வேண்டுதல்தான். பாவசங்கீர்த்தனமோ அருளடையாளம்.

முதலில் ஒரு பெரிய நிம்மதி: ஞானஸ்நானத்துக்கு முன் செய்த எந்தப் பாவத்தையும் அங்கே சொல்ல வேண்டியதில்லை. அவை எல்லாம் கழுவப்பட்டுவிட்டன. பத்து வருடத்துக்கு முன் மந்திரவாதியிடம் போனது, யாருக்கோ சாபம் விட்டது, எல்லாம் அதில் அடங்கும். "அந்தப் பழைய தோஷம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குமோ" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: உங்கள் ஞானஸ்நானத்தை நம்புங்கள்.

செய்யும் முறை எளிது. முந்தைய இரவு பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வைத்து உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூசைக்கு அரை மணி முன்னால் போங்கள். உள்ளே போனதும், "சாமி, எனக்கு இது முதல் தடவை, சொல்லிக்கொடுங்க" என்று சொன்னால் போதும், அவர் வழிநடத்துவார். சாவான பாவங்களை, அதாவது தெரிந்தே மனமாரச் செய்த பெரிய பாவங்களை, வகையும் எண்ணிக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றவர்கள் செய்ததைப் பற்றி நீட்ட வேண்டாம். கொடுத்த பரிகாரத்தை அன்றே செய்துவிடுங்கள். அப்புறம் மாதம் ஒரு முறை போங்கள், ஒன்றும் பெரிதாக இல்லை என்றாலும் போங்கள்.

நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பங்குக்கு வரும் சாமியார் கரேன்காரராகவோ கச்சின்காரராகவோ இருப்பார், தமிழ் தெரியாது. பர்மிய மொழியில் சொல்ல முடிந்தால் அதில் சொல்லுங்கள், இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. அதுவும் வராத வயதானவர்களுக்கு, மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 990 அனுமதிக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது.

மனதுக்குள் நடப்பதைக் கவனிப்பது

சாத்தான் என்றதும் எல்லாரும் கதவு தானாகத் திறந்ததா, நாய் ஊளையிட்டதா என்று வெளியே பார்க்கிறார்கள். அவனுடைய அன்றாட வேலை அங்கே இல்லை. உங்களுக்கு வரும் எண்ணங்களில் இருக்கிறது.

இதில் எனக்குத் தெரிந்த சிறந்த ஆசிரியர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்பலோனா போரில் கால் உடைந்து படுத்திருந்தபோது தம் எண்ணங்களையே கவனிக்கத் தொடங்கியவர். சில எண்ணங்கள் வரும்போது இனித்து, போன பிறகு மனதை வறட்டிவிடுகின்றன. சில, போன பிறகும் அமைதியைத் தருகின்றன. இதிலிருந்து அவர் வகுத்த விதிகளில் மூன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, மனம் வறண்டு இருட்டாக இருக்கும்போது எந்த முடிவையும் மாற்றாதீர்கள். நன்றாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தில் நில்லுங்கள். "எனக்கு ஜெபம் வரலை, நான் பாசாங்கு பண்றேன், இனி கோயிலுக்குப் போகாம இருக்கறதுதான் நேர்மை" என்ற எண்ணம் எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது பாருங்கள்! அது வரும் நேரத்தைக் கவனியுங்கள். களைத்த இரவில்தான் வரும். அப்போது இஞ்ஞாசியார் சொல்வது, ஜெபத்தைக் குறைக்காதே, கொஞ்சம் கூட்டு. கால் மணி என்றால் பதினாறு நிமிடம் உட்காருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் எதிர்த்து நின்றுவிட்டீர்கள்.

இரண்டு, எதிரிக்கு இரகசியம் வேண்டும். "இதை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்று ஒரு எண்ணம் சொல்கிறதென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். இரவு போனில் பார்ப்பது, மறைவாகக் குடிப்பது, 2டியில் விட்ட பணம், ஒருவர் மேல் வளர்ந்துவரும் தகாத ஆசை. இவற்றைச் சாமியாரிடமோ, முதிர்ச்சியுள்ள ஒருவரிடமோ சொன்ன அன்றே பாதிப் பிடி தளர்ந்துவிடுகிறது. உங்கள் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் ஈஸ்டர் இரவு போட்டோவுக்காக மட்டும் நின்றவர்கள் இல்லை. அவர்களைத் தேடிப் போங்கள்.

மூன்று, கோட்டையை முற்றுகையிடும் தளபதி பலவீனமான சுவரைத்தான் தாக்குவான். உங்கள் பலவீனமான சுவர் எது? சிலருக்குக் கோபம், சிலருக்குப் பணம், சிலருக்கு மனச்சோர்வு. காவலை அங்கே போடுங்கள். சம்பளம் வாங்கிய மாலையில் குடிக்கப் போகிறவர் என்றால், அந்த மாலை ஆறு மணிக்கு யாருடன் எங்கே இருப்பது என்று காலையிலேயே தீர்மானியுங்கள்.

தினசரி ஒழுங்கு

அதிகம் வேண்டாம். அதிகமாகத் தொடங்கி மூன்றாம் வாரம் விட்டுவிடுவதைத்தான் பார்க்கிறேன். காலையில் சிலுவை அடையாளம், பரலோக மந்திரம், காவல் தூதருக்கு ஒரு சொல். பரலோக மந்திரத்தின் கடைசி வேண்டுதலே சாத்தானிடமிருந்து விடுதலை கேட்பதுதான், ஆகவே அதை வேகமாக ஓட்டாதீர்கள். மாலையில் ஜெபமாலை, முழுதும் முடியாவிட்டால் ஒரு பத்து மணி. படுக்குமுன் இன்றைக்கு எங்கே வழுக்கினேன் என்று ஒரு பார்வை, பாவத்துக்காக வருந்தும் ஒரு மனஸ்தாப ஜெபம்.

அதிதூதர் மிக்கேலுக்கான ஜெபத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) கொடுத்தது. பூசைக்குப் பிறகு சொல்லும் வழக்கம் 1960களில் நின்றது, 1994இல் இரண்டாம் யோவான் பவுல் அதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு ஒறுத்தல் செய்யுங்கள். ஞாயிறு பூசையை எதற்காகவும் விடாதீர்கள். பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போக முடிந்தால் போங்கள். போகிற வழியில் பாட்டும் சாப்பாடும் இருக்கட்டும், அங்கே சேர்ந்ததும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுவிடுங்கள்.

வீட்டை ஆசீர்வதிக்கச் சாமியாரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இந்துக்களோ பௌத்தர்களோ இருந்தால் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள்.

"பேய் பிடித்துவிட்டது" என்று யாராவது சொன்னால்

அவசரப்பட வேண்டாம். உறங்கும்போது மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி அசைய முடியாமல் போவதை நம்மவர்கள் அமுக்குவான் பேய் என்பார்கள். மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தூக்கக் கோளாறு அது. வலிப்பு, பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சிதைவு, காதில் குரல் கேட்பது, எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. யுவாதாஜி மனநல மருத்துவமனை என்ற பெயரைச் சொன்னாலே குடும்பத்துக்கே அவமானம் என்று நினைத்து, பிள்ளையை மனநல மருத்துவரிடம் காட்டாமல் மந்திரவாதியிடம் இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. திருச்சபையே அதைத்தான் முதலில் கேட்கிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மருத்துவர். கூடவே ஜெபமும் பாவசங்கீர்த்தனமும். பிறகு பங்குச் சாமியார். அவருக்கும் கடுமையான சந்தேகம் இருந்தால் அவர் ஆயரிடம் கொண்டுபோவார். ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கைச் செய்யக்கூடாது என்பது சட்டம் 1172. பொதுநிலையினர் செய்யவே கூடாது. பழைய சிங்கராயர் பேயோட்டு வாய்ப்பாட்டைக்கூட விசுவாசிகள் பயன்படுத்தக்கூடாது என்று உரோமை 1985இல் எழுத்தில் சொல்லிவிட்டது. யூடியூபில் கேட்டு வீட்டில் சொல்லிப் பார்க்காதீர்கள். பசாசோடு பேசுவது, பெயர் கேட்பது, கட்டளையிடுவது எதுவும் வேண்டாம். கடவுளிடம் பேசுங்கள், அது போதும்.

1999இல் வெளிவந்த திருத்திய சடங்குநூல், கவனிக்க வேண்டிய அடையாளங்களைச் சொல்கிறது: தெரியாத மொழியில் பேசுவது, மறைவானதை அறிவது, வயதுக்கு மீறிய பலம், கடவுள் காரியங்களின் மேல் கடும் வெறுப்பு. இவையும் உறுதியான சாட்சி இல்லை, அறிகுறிதான் என்கிறது. தமிழ் மட்டும் பேசும் பாட்டி ஆவேசத்தில் பர்மிய மொழியில் கத்தினார் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாட்டி அறுபது வருடமாகச் சந்தையில் அந்த மொழியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நினையுங்கள்.

யாராவது பணம் கேட்டால், நோயாளியைக் கட்டச் சொன்னால், அடிக்கச் சொன்னால், மருந்தை நிறுத்தச் சொன்னால், உங்களுக்கு வைத்தது இன்னார்தான் என்று பெயர் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் கழுத்தில் எவ்வளவு பெரிய சிலுவை இருந்தாலும் சரி.

இந்தக் காலத்துக்கு

2021இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்த நாட்டில் வாழ்கிறவர்களுக்குப் பெரிய சோதனை வெறுப்பும் நம்பிக்கையிழப்பும்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் எல்லை தாண்டிப் போகிறார்கள், விலை ஏறுகிறது, நாளை என்ன என்று தெரியவில்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தை யாரோ செய்த பாவத்துக்குச் சாபம் என்றும் பிசாசின் வேலை என்றும் பேசினார்கள். அது சகாயிங் பிளவில் பூமி நகர்ந்தது. துன்பத்தில் இருப்பவர்மேல் பழி போடும் பேச்சில்தான் பிசாசுக்கு லாபம். அநியாயத்தைக் கண்டு கோபப்படுவது பாவம் இல்லை. ஆனால் ஒரு இனத்தையோ மதத்தையோ மொத்தமாக வெறுக்கும் எண்ணம் வந்தால் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். அந்த ஆட்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள், மனம் ஒப்பாவிட்டாலும்.

சாலை அடைபட்டு, சாமியார் மாதக்கணக்கில் வர முடியாத ஊரில் இருக்கிறீர்களா? கடவுளை நேசிப்பதால் எழும் உண்மையான மனஸ்தாபமும், முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் இருந்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படும் என்பது மறைக்கல்வியின் 1452ஆம் எண். கோவிட் தொடங்கிய 2020 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் இதை எல்லாருக்கும் நினைவூட்டினார். ஞாயிறன்று குடும்பமாக உட்கார்ந்து அன்றைய நற்செய்தியை வாசியுங்கள், நற்கருணை வாங்க முடியாதபோது இயேசுவை மனதுக்குள் வரும்படி கேட்கும் ஆவிக்குரிய நற்கருணை மன்றாட்டைச் சொல்லுங்கள், உபதேசியார் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சாலை திறந்து சாமியார் வரும் நாளில் மறக்காமல் முதலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள்.